பழைய ஏ.சி. மோட்டார் டிரைவை மறுபடி ஓட்டுவது எப்படி? மெயின் சுவிட்சைப் போடும் முன் செய்ய வேண்டியவை

பல வருடம் நிற்காமல் ஓடிய டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி), ஆண்டு ஷட்டவுனுக்காக ஒரு நாள் நிறுத்தி மறுபடி போட்டதும் எழுவதில்லை. டிஸ்பிளேகூட வராது. "நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு" என்று எல்லோரும் வியப்பார்கள். வியக்க ஒன்றுமில்லை. கண்ட்ரோல் கார்டுக்கு மின்சாரம் தரும் சிறிய பவர் சப்ளைக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துபோயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வரை எப்படியோ சமாளிக்கும். நின்று, ஆறி, மறுபடி கிளம்பச் சொன்னால் அவற்றால் முடியாது.

நான் பார்த்தவரை, பழைய டிரைவ்கள் ஓடும்போது போவதைவிட, மறுபடி மின்சாரம் கொடுக்கும் முதல் நிமிடங்களில் போவதே அதிகம். அதில் பெரும்பகுதி, அதற்கு முன்பு செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யாததால் வருவது. இந்த வேலைக்குள் வந்தபோது, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று ஒரே இடத்தில் சொல்லித் தர யாரும் இல்லை. ஒவ்வொரு மேனுவலிலும் ஒரு துண்டு, ஒவ்வொரு மூத்த டெக்னீஷியனிடம் ஒரு துண்டு என்று தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். மின்சார வேலையில் பயிற்சி உள்ளவர், ஆனால் பழைய டிரைவைத் தனியாகக் கையில் எடுப்பது இதுவே முதல்முறை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. மின் வேலையே புதிது என்றால் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இல்லாமல் பேனலைத் திறக்காதீர்கள்.

1. திறக்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்

இதற்கே ஒரு நாள் போனாலும் போகட்டும். ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை:

- டிரைவின் நேம்பிளேட் படம். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எடுங்கள். இன்புட் வோல்டேஜ், அவுட்புட் ஆம்பியர், எந்தெந்த ஆப்ஷன் கார்டு சேர்ந்து வந்தது என்பதெல்லாம் அந்த நீளமான எண்ணுக்குள்தான் இருக்கும்.
- சாஃப்ட்வேர் பதிப்பு எண். ஒரே மாடலில் பதிப்பு மாறினால் பாராமீட்டரின் (டிரைவுக்குள் நாம் கொடுக்கும் அமைப்பு மதிப்பின்) எண்ணோ பொருளோ மாறியிருக்கலாம். அந்தப் பதிப்புக்கான மேனுவலைத்தான் தேட வேண்டும்.
- மோட்டார் நேம்பிளேட் படம். துருப்பிடித்துப் படிக்க முடியாவிட்டால் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுங்கள்.
- டெர்மினல்களின் படங்கள். ஒவ்வொரு வயரிலும் எண் தெரிய வேண்டும். எண் இல்லாத வயருக்கு நீங்களே டேக் போடுங்கள்.
- ஜம்பர், டிப் சுவிட்ச் நிலைகள். கார்டை மாற்றும்போது பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். டிஜிட்டல் இன்புட் சிங்க் வகையா சோர்ஸ் வகையா, அனலாக் இன்புட் 0–10 வோல்ட்டா 4–20 மில்லி ஆம்பியரா என்பதை இந்தச் சின்னச் சுவிட்சுகள்தான் முடிவு செய்யும்.

எல்லாவற்றுக்கும் மேலே பாராமீட்டர் பட்டியல். டிரைவ் இன்னும் டிஸ்பிளே காட்டுகிறது என்றால், எதையும் நிறுத்தும் முன், எதையும் கழற்றும் முன் அதை எடுத்துவிடுங்கள். முழுப் பட்டியலையும் பார்க்கச் சில டிரைவ்களில் அணுகல் நிலையை உயர்த்த வேண்டும். சீமென்ஸ் மைக்ரோமாஸ்டர் 440-இல் பி0003-ஐ 3 என்று வைத்தால்தான் உள் பாராமீட்டர்கள் தெரியும். ஏபிபி ஏ.சி.எஸ். 550-இன் அசிஸ்டன்ட் பேனலில், தொழிற்சாலை அமைப்பிலிருந்து மாற்றப்பட்டவற்றை மட்டும் காட்டும் மோடு உண்டு. யாஸ்காவா எஃப்7-இல் வெரிஃபை மோடு அதே வேலையைச் செய்யும். நேரம் குறைவென்றால் மாற்றப்பட்ட பட்டியலையாவது படமெடுங்கள். அந்த மெஷினுக்கென்று யாரோ நாள்கணக்கில் உட்கார்ந்து பொருத்தியது அதுதான்.

கீபேடிலேயே நகல் எடுக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் நகல் எந்தத் திசையில் போகிறது என்பதை மேனுவலில் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். டிரைவிலிருந்து கீபேடுக்குப் போக வேண்டியது தலைகீழானால், கீபேடில் கிடக்கும் வேறொரு டிரைவின் பட்டியல் இதில் ஏறி, இருந்தது அழிந்துவிடும். நகலும் எடுங்கள், படமும் எடுங்கள்.

கணினி வழியாக எடுப்பதானால் இன்னொரு தடை. அந்தக் கால மென்பொருள்கள் பழைய விண்டோசில்தான் ஓடும், சீரியல் போர்ட் கேட்கும். எல்லா யு.எஸ்.பி. கன்வர்ட்டரும் இதற்கு ஒத்துவராது. சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஒன்று அலுவலகத்தில் இருந்தால் அதைக் குப்பைக்குப் போகவிடாதீர்கள்.

2. பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

முதலில், அந்த டிரைவ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள். உதாரணமாக, ஏபிபி தன் டிரைவ்களை ஆக்டிவ், கிளாசிக், லிமிடெட், அப்சலீட் என்று நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டால் ஸ்பேர் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

செலவில் மூன்று படி உண்டு. ஃபேன், பவர் சப்ளையின் சின்னக் கெப்பாசிட்டர்கள், ரிப்பன் கேபிள் ஆகியவை மலிவு. யோசிக்காமல் மாற்றுங்கள். டி.சி. பஸ்ஸின் (உள்ளே வரும் ஏ.சி. டி.சி.யாக மாறித் தேங்கும் பகுதியின்) பெரிய கெப்பாசிட்டர்கள் நடுத்தரம். ஐ.ஜி.பி.டி. மாட்யூல் (டி.சி.யை வெட்டி மோட்டாருக்குத் தரும் பவர் சுவிட்சுகள்), கண்ட்ரோல் கார்டு இரண்டும் விலை கூடியவை. பழையதாக இருக்கும் அளவுக்கு இன்னும் கூடும். மாட்யூலும் அந்தச் சுவிட்சுகளைத் திறந்து மூடும் கேட் டிரைவர் கார்டும் சேர்ந்து போயிருந்து, மொத்தச் செலவு அதே திறனுள்ள புதிய டிரைவின் விலையில் பாதியைத் தொட்டால் நான் பழுது பார்க்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் புதிய டிரைவின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அளவு மாறுவதால் மவுண்டிங் தட்டில் புதுத் துளை போட வேண்டும். கேபிள் எட்டாமல் போகலாம். பழையது புரோஃபிபஸ் அல்லது டிவைஸ்நெட் என்ற தகவல் இணைப்பு வழியாகப் பி.எல்.சி.யோடு (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியோடு) பேசிக்கொண்டிருந்தால், புதியதற்கு அதற்கான கார்டு தனியாக வாங்கி, பி.எல்.சி. நிரலிலும் கை வைக்க வேண்டும். சின்ன டிரைவில் இந்தச் சுற்றுச் செலவு டிரைவின் விலையையே மிஞ்சிவிடும். மெஷின் நிற்கும் ஒவ்வொரு நாளின் இழப்பையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

வெளியே பழுதுக்கு அனுப்புவதானால் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: மோட்டாரோடு லோடில் ஓட்டிச் சோதிப்பார்களா, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவார்களா, உத்தரவாதம் எத்தனை மாதம். திரும்பி வரும் டிரைவ் பெரும்பாலும் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றப்பட்டே வரும். பாராமீட்டர் பட்டியல் உங்களிடம் இருந்தால் கவலை இல்லை.

3. மின்சாரத்தை நிறுத்தியபின் காத்திருங்கள், பிறகு அளந்து பாருங்கள்

400 வோல்ட் மூன்று ஃபேஸ் டிரைவில் டி.சி. பஸ் ஏறக்குறைய 565 வோல்ட். 415 வோல்ட் சப்ளையில் 587 வரை போகும். 3000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பேங்க் அந்த வோல்டேஜில் 480 ஜூல் அளவுக்கு ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

மெயினை நிறுத்திப் பூட்டுப் போடுங்கள். டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். பிறகு டி.சி. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே அளந்து, 50 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள். சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டதே என்று நம்பக் கூடாது. பழைய டிரைவில் அந்த விளக்கே போயிருக்கலாம், பஸ்ஸை வடிக்கும் ரெசிஸ்டரும் போயிருக்கலாம். மீட்டர் கேட் 3, 1000 வோல்ட் தரத்தில் இருக்கட்டும். அளக்கும் முன்பும் பின்பும் மின்சாரம் இருக்கிற இடம் ஒன்றில் வைத்து, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று, மெயினை நிறுத்தினாலும் வேறு பேனலிலிருந்து வரும் கண்ட்ரோல் சப்ளை ரிலே டெர்மினல்களில் உயிரோடு இருக்கும். இன்னொன்று, ஒரே ரெக்டிஃபையர் மாட்யூலிலிருந்து பல இன்வர்ட்டர் மாட்யூல்கள் பொது டி.சி. பஸ்ஸில் தொங்கும் அமைப்புகளில், உங்கள் மாட்யூலை மட்டும் நிறுத்தியதாக நினைப்பீர்கள், பஸ் முழு வோல்டேஜில் இருக்கும்.

4. மின்சாரம் இல்லாமலே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம்

கண்ணாலும் மூக்காலும் தொடங்குங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர், அடியில் கசிந்த ஈரம், கருகிய ரெசிஸ்டர், மீன் வாடை போல ஒரு நெடி, ஹீட் சிங்க் இடுக்கில் அடைத்த பஞ்சு எல்லாம் சாட்சிகள். தூசியை வேக்குவம் கிளீனரால் எடுங்கள். அழுத்தக் காற்று அடிப்பதானால் ஈரமும் எண்ணெயும் இல்லாத காற்றாக இருக்க வேண்டும், ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். ரிப்பன் கேபிள்களை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். விளங்காத பல கோளாறுகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது மல்டிமீட்டரின் டயோடு சோதனை. மெயின் வயர்களையும் மோட்டார் வயர்களையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். சிவப்பு முனையை டி.சி. மைனஸில் வைத்து, கறுப்பு முனையை இன்புட்டின் ஆர், எஸ், டி-யிலும் அவுட்புட்டின் யு, வி, டபிள்யூ-விலும் ஒவ்வொன்றாக வையுங்கள். பெரும்பாலும் 0.3 முதல் 0.6 வோல்ட்டுக்குள் வரும். பிறகு கறுப்பு முனையை டி.சி. பிளஸ்ஸில் வைத்து, சிவப்பு முனையால் அதே ஆறு இடங்களையும் தொடுங்கள். முனைகளை மாற்றி வைத்தால் திறந்த சுற்று என்று காட்ட வேண்டும்.

அளவு எவ்வளவு என்பதைவிட, மூன்று ஃபேஸும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே முக்கியம். இரண்டு 0.38, ஒன்று 0.02 என்றால் அந்த ஃபேஸின் பகுதி ஷார்ட். பெரிய டிரைவ்களில் இன்புட்டின் மேல் பாதியில் டயோடுக்குப் பதில் தைரிஸ்டர் (சிக்னல் கொடுத்தால் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு) இருக்கும். அங்கே பிளஸ் பக்கம் இரு திசையிலும் திறந்த சுற்று காட்டினால் அது கோளாறல்ல.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் ஐ.ஜி.பி.டி. நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது அதற்குள் இருக்கும் டயோடை மட்டும். கேட் பகுதி கெட்டிருந்தால் இதில் தெரியாது.

5. கெப்பாசிட்டரை மெல்ல எழுப்புங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டியதால் வெடித்த டிரைவ்கள் நிறைய. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. வோல்டேஜ் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். அந்த நிலையில் முழு வோல்டேஜ் கொடுத்தால் கசிவு மின்சாரம் கூடி, உள்ளே சூடாகி, கெப்பாசிட்டர் வெடிக்கும். குறைந்த வோல்டேஜில் தொடங்கி மெல்ல ஏற்றினால் படலம் தானே மீண்டும் வளரும். உங்கள் மேனுவலில் கால அட்டவணை இருந்தால் அதுவே சட்டம். இல்லையென்றால், மின்சாரம் இல்லாமல் கிடந்த காலத்துக்கு ஏற்ப, பல தயாரிப்பாளர்களின் மேனுவல்களில் வரும் கணக்கு இது:

- ஒரு வருடத்துக்குள்: எதுவும் தேவையில்லை.
- 1 முதல் 2 வருடம்: மோட்டார் இல்லாமல் முழு வோல்டேஜில் 1 மணி நேரம்.
- 2 முதல் 3 வருடம்: 25, 50, 75, 100 சதவீதம் என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் 30 நிமிடம்.
- 3 வருடத்துக்கு மேல்: அதே நான்கு படி, ஒவ்வொன்றிலும் 2 மணி நேரம். மொத்தம் 8 மணி நேரம்.

8 மணி நேரம் என்றால் ஒரு ஷிஃப்ட் முழுக்கப் போகும். "மதியத்துக்குள் ஓட்டிக் காட்டு" என்பவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எத்தனை வருடம் கிடந்தது என்பதை டிரைவ் கடைசியாக ஓடிய நாளிலிருந்து கணக்கிடுங்கள். பிரிக்காத பெட்டியில் இருக்கும் புதிய ஸ்பேருக்குத் தயாரிப்புத் தேதியே கணக்கு.

தேவையான கருவி வேரியாக், அதாவது ஏ.சி. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர். 400 வோல்ட் டிரைவுக்குச் சாதாரண ஒற்றை ஃபேஸ் வேரியாக் போதாது, அது பாதியிலேயே நின்றுவிடும். மூன்று ஃபேஸ் வேரியாக் வேண்டும். அடிக்கடி தேவைப்படாத இடத்தில் வாடகைக்கு எடுப்பது மேல். மோட்டாரைக் கழற்றிவிட்டு, ரன் கட்டளை வரும் வயரையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு படியிலும் டி.சி. பஸ்ஸை அளந்து பாருங்கள். கொடுக்கும் ஏ.சி.யின் 1.4 மடங்குக்குக் கிட்டே வர வேண்டும். வராமல் கீழேயே நின்றால் கசிவு அதிகம், மேலே ஏற்றாதீர்கள். 400 வோல்ட் வகையில் இரண்டு கெப்பாசிட்டர் வரிசைகள் தொடராக இருக்கும். இரண்டிலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட சமமாகப் பிரிய வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால், அந்தக் கெப்பாசிட்டரோ அதைச் சமன்செய்யும் ரெசிஸ்டரோ போய்க்கொண்டிருக்கிறது.

பாதி வோல்டேஜில் டிஸ்பிளே உயிர்பெற்று அண்டர் வோல்டேஜ் என்று காட்டும். பயப்பட வேண்டாம், அது சரியான நடத்தைதான். ஆனால் சார்ஜிங் ரிலே (கெப்பாசிட்டர் நிரம்பியதும் சார்ஜிங் ரெசிஸ்டரை விலக்கி நேரடி வழி தரும் ரிலே) படபடவென்று அடித்துக்கொண்டால் அந்த இடத்தில் நிறுத்தி வைக்காமல் சற்று மேலோ கீழோ நகர்த்துங்கள். இன்புட்டில் தைரிஸ்டர் உள்ள டிரைவ்கள் குறைந்த வோல்டேஜில் கதவைத் திறக்கவே மாட்டா. அவற்றுக்கு வேரியாக் உதவாது. டி.சி. டெர்மினல்களில் ரெசிஸ்டர் வழியாக டி.சி. சப்ளை கொடுத்து ஏற்ற வேண்டும்.

6. மோட்டாரையும் கேபிளையும் தனியாகப் பாருங்கள்

டிரைவ் மாட்டியிருக்கும்போது மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) போடவே கூடாது. மெகரின் 500 வோல்ட் நேராக மாட்யூலுக்குள் போகும். கேபிளை டிரைவிலிருந்து கழற்றி, மோட்டாரையும் கேபிளையும் பூமிக்கு எதிராக 1 நிமிடம் சோதியுங்கள். 1000 வோல்ட்டுக்குக் கீழான சாதாரணச் சுருள் மோட்டாருக்கு ஐ.இ.இ.இ. 43 தரம் கேட்கும் குறைந்த அளவு 5 மெகா ஓம். நல்ல மோட்டார் இதைவிடப் பல மடங்கு காட்டும்.

மோட்டார் பெட்டிக்குள் ஸ்டார், டெல்டா இணைப்பைப் பாருங்கள். நேம்பிளேட்டில் 230/400 என்றிருந்தால் 400 வோல்ட் டிரைவுக்கு ஸ்டார். 400/690 என்றிருந்தால் டெல்டா. இது தவறினால் ஒன்று மோட்டார் எரியும், அல்லது இழுக்காது.

டிரைவும் மோட்டாரும் தள்ளித் தள்ளி இருந்தால், டிரைவ் அனுப்பும் வோல்டேஜ் பல்ஸ்கள் கேபிளில் எதிரொலித்து மோட்டார் முனையில் டி.சி. பஸ்ஸைப் போல இரண்டு மடங்கு வரை எகிறும். டிரைவுக்கென்று செய்த மோட்டார்கள் தம் குறித்த வோல்டேஜைப் போல 3.1 மடங்கு உச்சத்தைத் தாங்கும்படி நேமா எம்.ஜி. 1 பகுதி 31 என்ற அமெரிக்கத் தரம் சொல்கிறது. பழைய மோட்டார் அப்படிச் செய்யப்பட்டதல்ல. மேனுவல் சொல்லும் கேபிள் நீளத்தைத் தாண்டினால் அவுட்புட் ரியாக்டரோ, வோல்டேஜ் எகிறும் வேகத்தைக் குறைக்கும் டி.வி./டி.டி. ஃபில்டரோ போடுங்கள். மோட்டாரை மறுபடி சுற்றும் செலவைவிட அது குறைவுதான்.

இணைக்கும்போது மூன்று எச்சரிக்கைகள். மெயினை யு, வி, டபிள்யூ-வில் கொடுத்தால் டிரைவ் அந்தக் கணமே போகும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் இருக்கக் கூடாது. முன்பு நேரடி ஸ்டார்ட்டரில் ஓடிய மோட்டாரானால் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும், தேடுங்கள். நடுவில் காண்டாக்டர் இருந்தால், ஓடும்போது அது திறக்காதபடி இன்டர்லாக் செய்யுங்கள்.

7. பாராமீட்டர்: நேம்பிளேட்டிலிருந்து தொடங்குங்கள்

உங்களிடம் பழைய பட்டியல் இருந்தால் அப்படியே ஏற்றி, மோட்டார் விவரங்களை மட்டும் நேம்பிளேட்டோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் தொழிற்சாலை அமைப்புக்குப் போய்த் தொடங்க வேண்டும்.

மைக்ரோமாஸ்டர் 440-இல் பி0010-ஐ 30 ஆக்கி, பி0970-ஐ 1 ஆக்கினால் தொழிற்சாலை அமைப்பு வரும். பிறகு பி0010-ஐ 1 ஆக்கி, பி0304-இல் வோல்டேஜ், பி0305-இல் ஆம்பியர், பி0307-இல் திறன், பி0310-இல் ஃபிரீக்வன்சி, பி0311-இல் வேகம் கொடுக்க வேண்டும். ரன் கட்டளை எங்கிருந்து என்பது பி0700, வேகம் எங்கிருந்து என்பது பி1000. முடித்ததும் பி3900. ஏ.சி.எஸ். 550-இல் இதே விவரங்கள் 9905 முதல் 9909 வரை. மிட்சுபிஷி எஃப்.ஆர்.-ஏ500-இல் மோட்டார் ஆம்பியர் பாராமீட்டர் 9, ஓட்டும் முறை 79. பாராமீட்டர் மாறவே மாட்டேன் என்றால் 77-ஐப் பாருங்கள், எழுத அனுமதி அங்கேதான்.

அடிக்கடி சிக்கும் பொறி 50, 60 ஹெர்ட்ஸ் குழப்பம். 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு அடிப்படை ஃபிரீக்வன்சி 60 என்று இருந்துவிட்டால், 50 ஹெர்ட்ஸில் 415-க்குப் பதில் சுமார் 346 வோல்ட்தான் போகும். மோட்டார் ஓடும், லோடு வந்ததும் திணறும், ஆம்பியர் கூடும், சூடாகும். ஆள் மோட்டாரைக் குறை சொல்வார். மைக்ரோமாஸ்டரில் இதை பி0100 மட்டுமல்ல, ஒரு டிப் சுவிட்சும் தீர்மானிக்கும்.

யாஸ்காவா எஃப்7-இல் ஏ1-03-க்கு 2220 கொடுத்தால் தொழிற்சாலை அமைப்போடு இரண்டு வயர் முறை (சுவிட்ச் மூடியிருக்கும் வரை ஓடும்), 3330 கொடுத்தால் மூன்று வயர் முறை (ஸ்டார்ட், ஸ்டாப் தனித்தனிப் பொத்தான்). பேனல் வயரிங் எதுவோ அதற்கு ஏற்றதைக் கொடுங்கள். மாறிப்போனால் எதிர்பாராமல் மோட்டார் சுற்றத் தொடங்கிவிடும். அதே டிரைவில் கண்ட்ரோல் கார்டை மாற்றினால் ஓ2-04-இல் டிரைவின் திறன் குறியீட்டைச் சரியாகக் கொடுக்க வேண்டும். புதிய கார்டுக்குத் தான் எந்த அளவு டிரைவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாது.

8. முதல் ஓட்டம்

மோட்டாரை மெஷினிலிருந்து பிரித்துவிட்டு 5 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். திசை தலைகீழாக இருந்தால் அவுட்புட்டில் இரண்டு வயரை மாற்றுங்கள். இன்புட்டில் மாற்றி ஒரு பயனும் இல்லை. பிறகு 10, 25, 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று ஃபேஸ் ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். ஒன்றுபோல இருக்க வேண்டும். ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டராக இருக்கட்டும். அவுட்புட் வோல்டேஜை அளப்பதானால் லோ பாஸ் ஃபில்டர் உள்ள மீட்டர் வேண்டும். சாதாரண மீட்டர் காட்டும் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அரை மணி நேரம் ஓடி, ஹீட் சிங்கும் மோட்டாரும் அமைதியாக இருந்தால் லோடு சேருங்கள். தன் தண்டிலேயே ஃபேன் உள்ள மோட்டாரைக் குறைந்த வேகத்தில் கனமான லோடோடு நெடுநேரம் ஓட்டினால் காற்று போதாமல் சுடும். அப்படி ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தனி ஃபேன் வையுங்கள்.

9. டிரிப் ஆனால்

ரீசெட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அவுட்புட்டில் ஷார்ட் இருந்தால் ஒவ்வொரு ரீசெட்டும் மாட்யூலுக்கு ஓர் அடி.

ஓவர் கரன்ட் வந்தால் மோட்டார் கேபிளைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வந்தால் கோளாறு டிரைவில். வராவிட்டால் மோட்டாரிலோ கேபிளிலோ, அல்லது வேகமேற்றும் நேரம் மிகக் குறைவு. நிறுத்தும்போது மட்டும் ஓவர் வோல்டேஜ் வந்தால் வேகம் குறைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள், பிரேக் ரெசிஸ்டர் இருந்தால் அது அறுந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது நன்றாக இருந்து, லோடு ஏறியதும் அண்டர் வோல்டேஜ் வந்தால் சார்ஜிங் ரிலேயைச் சந்தேகியுங்கள். ரிலே மூடாததால் முழு மின்சாரமும் சின்ன ரெசிஸ்டர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும், சீக்கிரம் அதுவும் கருகும். இன்புட்டில் ஒரு ஃபேஸ் போயிருந்தாலும் இதே அறிகுறிதான், ஆகவே ஃபியூஸை முதலில் பாருங்கள்.

10. மாட்யூல் மாற்றுவதானால்

ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். பாதி நேரம் கேட் டிரைவர் கார்டும் சேர்ந்தே போயிருக்கும். ஆறு கேட் சுற்றுகளிலும் ரெசிஸ்டர், ஜீனர் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறுபட்டால் அதுதான் குற்றவாளி. மாட்யூலை எடுக்கும்போது மணிக்கட்டுப் பட்டை போட்டிருங்கள், கேட் பின்களை விரலால் தொடாதீர்கள். நிறுத்தப்பட்ட மாடல்களுக்கு மேலே உள்ள எழுத்தை அழித்து மறுபடி அச்சிட்ட போலி மாட்யூல்கள் சந்தையில் உண்டு. திருப்பித் தரும் வசதி இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

ஹீட் சிங்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தெர்மல் பேஸ்டை மெல்லியதாக, சீராகத் தடவுங்கள். அதிகம் தடவினால் சூடு இறங்குவது குறையும். ஸ்குரூக்களைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு சுற்றாக, டேட்டா ஷீட் சொல்லும் முறுக்கு விசையில் (டார்க்) முறுக்குங்கள்.

முதல் மின்சாரம் வேரியாக்கில், பல்பு வழியாக. 230 வோல்ட் இழை பல்புகள் மூன்றைத் தொடராக (சீரீஸில்) சேர்த்து டி.சி. பிளஸ் வழியில் இடுங்கள். அவை கெப்பாசிட்டருக்கும் மாட்யூலுக்கும் நடுவே இருக்க வேண்டும். கெப்பாசிட்டருக்கு முன்னால் போட்டால் பயனில்லை, தேங்கிய ஆற்றல் முழுவதும் தடையின்றி மாட்யூலுக்குள் பாயும். பல்பு பிரகாசமாக எரிந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. எரியாமலே, மோட்டார் இல்லாமல் ரன் கொடுத்தும் அமைதியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு, சரியான அதிவேக ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்துப் படி 8-க்குப் போங்கள். சாதாரண ஃபியூஸ் மாட்யூலைக் காப்பாற்றாது.

11. பிறகு எப்போது எதைப் பார்ப்பது?

மாதம் ஒருமுறை ஃபில்டர், ஃபேன் சத்தம், பேனலுக்குள் சூடு. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பத்து டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆக, அடைத்துக்கொண்ட ஃபில்டரை மாற்றுவதுதான் இதிலேயே மிக மலிவான, மிக லாபமான வேலை.

ஆண்டுக்கு ஒருமுறை டெர்மினல்களின் இறுக்கம், பாராமீட்டர் நகல், தெர்மல் கேமரா கிடைத்தால் லோடில் ஒரு படம். ஃபேனை மூன்று முதல் ஐந்து வருடத்தில், நின்றுபோகும் வரை காத்திராமல் மாற்றுங்கள். மூன்று வயர் ஃபேன் இருந்த இடத்தில் இரண்டு வயர் ஃபேன் போட்டால் டிரைவ் ஃபேன் கோளாறு காட்டும், மூன்றாவது வயர் அது சுற்றுகிறதா என்று சொல்லும் சிக்னல். டி.சி. பஸ் கெப்பாசிட்டரின் அளவு குறித்த மதிப்பில் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மாற்றுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். ஷட்டவுனுக்கு முந்தைய வாரமே பவர் சப்ளையின் சின்னக் கெப்பாசிட்டர்களும் ஒரு ஃபேனும் ஸ்டோரில் இருக்கட்டும்.

அலமாரியில் இருக்கும் ஸ்பேர் டிரைவின் மேல் தேதி எழுதிய அட்டை ஒன்றைக் கட்டுங்கள். வருடம் ஒருமுறை அதற்கு 1 மணி நேரம் மின்சாரம் கொடுத்து, அட்டையில் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். மாதக் கணக்கில் ஆகும் ஸ்பேர் ஆர்டரை நம்பாமல் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குபவரின் ஸ்பேர்தான், நடுராத்திரியில் மெஷின் நிற்கும்போது நேராக மாட்டி ஓட்டக்கூடியதாக இருக்கும்.